ஒரு வருஷமாத்தான் மேடம்

அந்த வீட்டில் பொழுது விடிவது இழைப்புளிச் சத்தத்தில். அடுப்படிக்குப் பின்னால், தகரம் இறக்கிய சின்ன இடத்தில் உட்கார்ந்து தச்சர், தட்டி வாசிக்கிற வாத்தியத்துக்குச் சாண் நீள மரப்பட்டை சீவுவார். சீவியதை இரண்டு கயிற்றின்மேல் கிடத்தி, குச்சியால் ஒரு தட்டு தட்டுவார். தட்டிவிட்டு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"பாப்பா, சரியா?"

பாப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தாலும் சரி, பாதித் தூக்கத்தில் கிடந்தாலும் சரி, பதில் வந்துவிடும். "இன்னும் ஒரு சீவல்ப்பா." நடுவில் சீவினால் ஒலி இறங்கும், ஓரத்தில் சீவினால் ஏறும் என்பதுவரை தச்சருக்குத் தெரியும். எவ்வளவு இறங்க வேண்டும் என்பதுதான் தெரியாது. கடவுள் அவருக்குக் கையைக் கொடுத்துவிட்டுக் காதைக் கொடுக்க மறந்துவிட்டார். பஸ் ஹாரனும் பள்ளிக்கூட மணியும் அவருக்கு ஒன்றுதான். சுருதி பார்க்கிற வசதி ஒன்றை யாரோ அவருடைய கைபேசியில் ஏற்றிக் கொடுத்தார்கள். மரச்சத்தம் பட்டென்று அடங்கிவிடுவதால் அதிலிருந்த முள் பேய் பிடித்த மாதிரி ஆடியதே தவிர ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆகவே அந்த வீட்டுக்குச் சுருதிப்பெட்டி பாப்பாதான். பேருக்குத்தான் பாப்பா, வயது பதினொன்று.

அன்று பதில் வரவில்லை.

"பாப்பா, சரியான்னு கேட்டேன்."

தகரத்தில் மழை விழுகிற சத்தம்தான் கேட்டது. அடுப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"விடுங்க. இன்னிக்கு அவ தொண்டையைக் கலைக்காதீங்க."

"தொண்டையை யாரு கேட்டா? காதைத்தான கேட்டேன்."

"காதும் இன்னிக்கு எனக்குத்தான் வேணும்."

தச்சர் தலையைச் சொறிந்துகொண்டார். நடுப்பட்டை ஈரம் குடித்துப் பொத்துப் பொத்தென்று கத்தியது. அது சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லாமல், கடவுள் விட்ட வழி என்று அதை அப்படியே கோத்து முடிச்சுப் போட்டார்.

பாப்பாவின் அம்மா, தெருவுக்கெல்லாம் பாட்டு டீச்சர். நாமும் டீச்சர் என்றே சொல்லிக்கொள்ளலாம். முன்பு துணிக்கடையில் பில் கவுண்டரில் இருந்தாள். நாள் முழுக்க அந்த மெஷின் ஒரே சுருதியில் கீக் கீக் என்று கத்தும். ராத்திரி படுத்தால் காதுக்குள்ளும் கத்தும். அதிலிருந்து தப்பிக்கத்தான் பில் காகிதத்தின் பின்பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான பாட்டுகளைக் கிறுக்க ஆரம்பித்தாள். ஒழுகும் குழாயைப் பற்றி ஒரு பாட்டு, ஒற்றைச் செருப்பைப் பற்றி ஒரு பாட்டு. பிறகு ஒருநாள் துணிந்து வேலையை விட்டாள். வீட்டு முன்னறையில் பாய் விரித்து, பிள்ளைகளைக் கூப்பிட்டு, பாடச் சொன்னாள், தட்டச் சொன்னாள், கேட்ட சத்தத்தைக் கலர் பென்சிலால் வரையச் சொன்னாள். அதற்காகவே தச்சர் மரப்பட்டைகளை வரிசையாகக் கோத்து வாத்தியம் செய்து கொடுத்தார். அக்கம்பக்கத்தில் சிரித்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அதெல்லாம் காதிலேயே விழவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

இப்போது அந்தச் சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் போய்ச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றாகப் பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டன. முன்னறைப் பிள்ளைகளில் பாதிப் பேர் கணக்கு டியூஷனுக்கு நழுவினார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. ஊரெல்லாம் கிளை வைத்திருக்கிற பெரிய பள்ளி ஒன்று, வந்து ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தது. அது இன்றைக்கு. கிடைத்தால் எல்லாக் கிளைகளுக்கும் அவளேதான் பாட்டு டீச்சர். கிடைக்காவிட்டால் மறுபடியும் கீக் கீக்.

அதை நினைவூட்டவென்றே வந்ததுபோல, துணிக்கடைக்குப் போகிற வழியில் நாத்தனார் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளும் அதே கடையில்தான் இருக்கிறாள்.

"அண்ணி, சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். திங்கக்கிழமை வரைக்கும் அந்த கவுண்டருக்கு வேற ஆள் போட மாட்டாராம். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது."

"நீ சொன்னதே பெருசு."

"பாட்டு டீச்சருக்கு பில் போட ஞாபகம் இருக்குமான்னு கேட்டாரு. பாடிக்கிட்டே போடுவாங்கன்னேன்."

நாத்தனார் சிரித்தாள். தச்சரும் ஒப்புக்குச் சிரித்தார். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. டீயை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு பாப்பாவிடம் போனாள்.

பாப்பா கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவள் தலையை வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் வகிடெடுத்து வாரினாள். பள்ளிகளுக்குக் காட்டப் போகிற நாட்களில் அப்படித்தான். அம்மாவும் பெண்ணும் ஒரே சாயலில் தெரியக் கூடாது.

இந்த வேலை பாப்பாவின் ஐந்து வயதில் தொடங்கியது. முதல் பள்ளிக்கு வகுப்பெடுத்துக் காட்டப் போனபோது, வீட்டில் விட ஆளில்லாமல் டீச்சர் அவளையும் கூட்டிப்போனாள். அங்கே எந்தப் பட்டையைத் தட்டினாலும் குழந்தை அதே சுருதியில் பாடியதைப் பார்த்து ஒரு மேடம் வாயைப் பிளந்தாள். இந்தப் பிள்ளை எத்தனை நாளாக் கத்துக்குது என்று கேட்டாள். என் பெண் என்று டீச்சர் சொல்லியிருக்கலாம். நாக்கில் என்னவோ வந்து, "ஒரு வருஷமாத்தான் மேடம்" என்று விழுந்துவிட்டது. ஒரே வருஷத்திலா என்று அசந்துபோய் வேலையைக் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து பாப்பா மாதிரிப் பிள்ளை. பள்ளியில் அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். நீ என்று பேசக் கூடாது, நீங்க. பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது, பள்ளிக்கூடத்து ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். எத்தனை நாளாய்ப் படிக்கிறாய் என்று கேட்டால் ஒரு வருஷமாக. பாப்பாவுக்குப் பல் விழுந்து முளைத்தது, பாவாடை மூன்று தடவை பிரித்துத் தைக்கப்பட்டது. அந்த ஒரு வருஷம் மட்டும் வளராமலே நின்றது. வீட்டு வகுப்பு நடக்கும்போதும் டீச்சர் என்றே கூப்பிடப் பழக்கிவிட்டாள், பழக்கம் விட்டுப் போகக் கூடாதென்று.

"இன்னிக்கு நான் வரலம்மா," என்றாள் பாப்பா.

சீப்பு நின்றது.

"இன்னிக்கு மட்டும் கண்ணு. இது கிடைச்சிட்டா அப்புறம் உன்னைக் கூப்பிடவே மாட்டேன்."

"போன தடவையும் இதைத்தான் சொன்ன."

"போன தடவை கிடைக்கலையே."

"கம்மலைக் கூட்டிட்டுப் போயேன். அவ இப்ப நல்லா பாடறா."

கம்மல் என்பது முன்னறை வகுப்புக்கு வருகிற ஏழு வயதுப் பெண். தொண்டை எப்போதும் கட்டிக்கொண்ட மாதிரி இருப்பதால் அந்தப் பேர். வந்த புதிதில் எந்தப் பாட்டையும் ஒரே இடத்தில் நின்று முனகுவாள். டீச்சர் அவள் முனகுகிற இடத்துக்கே இறங்கிப்போய், அங்கிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவருவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வந்தாள். இப்போது குழாய்ப் பாட்டில் முக்கால்வாசி நேராகப் பாடிவிடுவாள்.

"அவளா? நாலு பேரைப் பாத்தா அவ குரல் எங்க போயி உக்காரும்னு அவளுக்கே தெரியாது. மானம் போயிடும்."

"நானும் தப்பாப் பாடிட்டா?"

"உனக்குத் தப்பாப் பாடவே வராதும்மா."

"வராதுதான்," என்றாள் பாப்பா. அதைச் சொன்ன விதத்தில் பெருமை கொஞ்சமும் இல்லை. சில வாரங்களாகவே அவள் வீட்டில் வாயைத் திறந்து ஒரு வரி பாடவில்லை என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் அவள் சீப்பை விடவில்லை. பயம் அவளை அப்படி ஆட்டி வைத்தது.

பஸ்ஸில் பாப்பா முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். பாப்பாவின் பக்கத்தில் கூடையோடு இருந்த ஒரு அம்மாள் பேச்சுக் கொடுத்தாள்.

"தனியாவா போற?"

"இல்லங்க, டீச்சர்கூட."

"அம்மா வரலையா?"

"வேலைக்குப் போயிருக்காங்க."

தடங்கல் இல்லாமல், மரியாதையாகச் சொன்னாள். டீச்சர் பின்னாலிருந்து அந்த வலப்பக்க வகிட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தேனோ இல்லையோ, இதை நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தாள்.

பள்ளியின் அந்த அறையில் ஈர ஷூக்கள் வாசலில் வரிசையாகக் கிடந்தன. சாப்பாட்டு டப்பாக்களின் வாசனை. பாயில் சின்னப் பிள்ளைகள், மூலையில் ஒரு நாற்காலியில், வேலை கொடுப்பதைத் தீர்மானிக்கிற பெரிய மேடம். மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, அதட்டிப் பேசாத குரல். அதட்டாதவர்களிடம்தான் டீச்சருக்குக் கூடுதல் பயம்.

ஆனால் பிள்ளைகளைப் பார்த்ததும் பயம் இறங்கிவிட்டது. அது அவளுக்கு எப்போதும் நடப்பதுதான். முட்டிபோட்டு உட்கார்ந்து, ரகசியம் சொல்வதுபோல் ஆரம்பித்தாள்.

"குழாயே குழாயே, ஏன் அழுற?
வாளி வரலையே, அதான் அழுறேன்.
வாளி வந்தா சிரிப்பியா?
நிரம்பிப் போனா நிறுத்துவேன்."

சொட்டு விழுகிற இடத்தில் தொடையில் ஒரு தட்டு. இரண்டாவது சுற்றில் பாதிப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். மூன்றாவதில் ஒரு பயல் எழுந்து நின்று வாளியாகவே ஆகிவிட்டான். பெரிய மேடத்தின் விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது. டீச்சர் அதைக் கவனித்தாள்.

பிறகு மாதிரிப் பிள்ளை. டீச்சர் பட்டையைத் தட்ட, பாப்பா திரும்பி நின்று பாடினாள். நடுப்பட்டை மட்டும் செத்த சத்தம் போட்டது. பாப்பாவின் தோள் ஒரு நொடி சுருங்கியது. ஆனாலும் பட்டை பாடியிருக்க வேண்டிய சுருதியை அவள் பாடிவிட்டாள். பெரிய மேடம் கரண்டியால் டம்ளரைத் தட்டிப் பார்த்தார், மேசையைத் தட்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பாப்பா இம்மி பிசகாமல் பதில் பாடினாள்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார் பெரிய மேடம். "அடுத்த பருவத்துலேர்ந்து எல்லாக் கிளைக்கும் நீங்களே பாத்துக்கலாம். இருங்க, டீ சொல்றேன்."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த அறையில் எந்தச் சுவரில் பிள்ளைகளின் படங்களை ஒட்டுவது என்றெல்லாம் மனசு ஓடியது. வீட்டுக்குப் போய்த் தச்சரிடம் எப்படிச் சொல்வது என்றும் ஓடியது.

பெரிய மேடம் பாப்பாவின் கன்னத்தைத் தட்டினார். "நீ எத்தனை நாளாம்மா இவங்ககிட்ட கத்துக்கற?"

"பொறந்ததுலேர்ந்து மேடம்," என்றாள் பாப்பா.

அதே தடங்கலில்லாத குரல், அதே மரியாதை. பஸ்ஸில் அந்த அம்மாளிடம் சொன்னதுபோலவே சொன்னாள்.

பெரிய மேடம் பாப்பாவின் மூக்கைப் பார்த்தார். அப்புறம் டீச்சரின் மூக்கைப் பார்த்தார். வகிட்டை மாற்றலாம், மூக்கை என்ன செய்ய முடியும்?

"உங்க பொண்ணா?"

பிள்ளை விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீம்பில்லை. அடுத்த பட்டையைத் தட்டுவதற்குக் காத்திருக்கிற மாதிரி சும்மா பார்த்தாள். டீச்சரால் அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஆமா மேடம்."

"வேற பிள்ளைங்க உங்ககிட்ட படிக்கறாங்களா?"

"படிக்கறாங்க மேடம். கம்மல்னு ஒரு பொண்ணு. வரும்போது பாடவே வராது. இப்ப நல்லா..."

"அவளைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

டீச்சர் தரையைப் பார்த்தாள். "பயமா இருந்துச்சு மேடம்."

"பொய் சொன்னதைக்கூட விட்டுடறேன். பிழைப்புக்கு யாரு சொல்லல? ஆனா இத்தனை வருஷத்துல நீங்க சொல்லிக் குடுத்த வேற ஒரு பிள்ளையைக் காட்ட உங்களுக்கு மனசு வரல. உங்களுக்கே அந்தப் பிள்ளைங்க மேல நம்பிக்கை இல்ல. எங்க பிள்ளைங்க பாதிப் பேரு முனகற பிள்ளைங்கதான். நான் எப்படி உங்ககிட்ட விடறது?"

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. கொண்டுவந்த ஆள் மூன்று கோப்பையை வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் மூவரும் உட்கார்ந்து குடித்தார்கள். பாயில் வாளிப் பயல் மட்டும் இன்னும் "நிறுத்துவேன், நிறுத்துவேன்" என்று பாடிக்கொண்டிருந்தான். டீச்சர் அவ்வளவு கசப்பான டீயைக் குடித்ததில்லை, அதில் சர்க்கரை தூக்கலாகத்தான் இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் மழை வலுத்தது. அதுவரை அடக்கி வைத்திருந்தது அங்கே உடைந்தது.

"ஏண்டி அப்படிச் சொன்ன?"

"தெரியலம்மா. ஒரு வருஷமான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்."

"எல்லாத்தையும் கெடுத்துட்டியே. கையில வந்ததைத் தட்டி விட்டுட்டியே. எத்தனை வருஷம்டி, எத்தனை வாசல் ஏறி இறங்கினேன். ஒரே ஒரு வார்த்தை. உனக்கு என்ன செலவு அதுல?"

நிறுத்தத்தில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடி வயிற்றிலிருந்து வந்தது. திங்கட்கிழமை, கவுண்டர், கீக் கீக், சாகிறவரை கீக் கீக் என்று நினைக்க நினைக்க வந்தது.

அழுகை கொஞ்சம் ஓய்ந்து பார்த்தபோது, பாப்பா குடையை வாத்தியப் பையின்மேல் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மரம் நனையக் கூடாதாம். அவள் தலையிலிருந்து தண்ணீர் வழிந்து, வலப்பக்க வகிடு கலைந்து போயிருந்தது.

"பையை விடு, நீ உள்ள வாடி."

பாப்பா வரவில்லை. குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "நான் உன் பொண்ணுன்னு சொன்னா உனக்கு என்னம்மா குறைஞ்சு போச்சு?"

டீச்சரிடம் இருந்த பதிலைச் சொல்ல வெட்கமாக இருந்தது. என் பெண் என்று சொன்னால், பிள்ளை தானாகவே பாடுகிறாள், நீ என்ன செய்தாய் என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்குத்தான் அவள் இத்தனை வருஷமாகப் பயந்து ஓடிக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்ததும் பாப்பா முன்னால் ஏறினாள். டீச்சர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம் என்பது, இறங்குகிற இடம் வந்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியது.

வாசலில் தச்சர் நின்றார். முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"கிடைக்கலங்க."

"அந்த நடுப்பட்டைதான? எனக்கு அப்பவே தெரியும். பொத்துப் பொத்துனு..."

"பட்டையால இல்லங்க."

அவர் பையை வாங்கிக்கொண்டு பின்னால் போனார். டீச்சர் நாத்தனாருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வருகிறேன் என்றாள். நாத்தனார் அந்தப் பக்கத்திலிருந்து, "சாப்பிட்டீங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. பாப்பா உடைகூட மாற்றாமல் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

கவுண்டர் வேலை என்றால் கடை அடைக்கிறவரை நிற்க வேண்டும். மாலை வகுப்புக்கு இடமில்லை. இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது என்று டீச்சர் முடிவு செய்துகொண்டாள். சாயங்காலம் மிச்சமிருந்த பிள்ளைகள் வந்தார்கள், ஈரக் காலோடு பாயை மிதித்தார்கள், கலர் பென்சிலுக்குச் சண்டை போட்டார்கள். கம்மல் எப்போதும்போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். டீச்சர், ஒரு பாட்டு பாடிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

வழக்கமாக வகுப்பு தொடங்கும்போது அவள், "பாப்பா, சுருதி குடு" என்று உள்ளே பார்த்துச் சொல்வாள். பாப்பா எங்கிருந்தாலும் அங்கிருந்தே ஒரு சுருதி கொடுப்பாள். அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கிளம்புவார்கள். வாய் திறந்துவிட்டது, பாதியில் மூடிக்கொண்டாள்.

"கம்மலு, இன்னிக்கு நீ குடு சுருதியை."

"நானா டீச்சர்?"

"நீதான். எங்க வருதோ அங்க குடு."

கம்மல் மூக்கைத் துடைத்தாள். எல்லாரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு தாழ்வாக, கரகரவென்று ஒரு சுருதியைப் பிடித்தாள். அது நடுங்கியது. டீச்சர் அதையே எடுத்துக்கொண்டு "குழாயே குழாயே" என்று தொடங்கினாள். பாட்டு அடித்தொண்டையில் ஊர்ந்து போனது. பழக்கமில்லாத இடம், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பாதியில் டீச்சரின் காது தானாகவே உள்ளறைப் பக்கம் போனது. தப்பான சுருதி கேட்டால் பாப்பாவால் பொறுக்க முடியாது. "டீச்சர், கீழ போகுது" என்று உடனே குரல் வந்துவிடும்.

குரல் வரவில்லை. கட்டில் கிரீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் பாப்பா கலைந்த தலையோடு கதவருகில் வந்து நின்றாள்.

"அம்மா, பசிக்குது."

வகுப்பு நேரத்தில் அந்த அறையில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகள் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எழுந்தாள்.

"நீ பாடிக்கிட்டிரு," என்று கம்மலிடம் சொன்னாள். "சோறு போட்டுட்டு வந்துடறேன்."

அடுப்படியில் ஆறிப்போன சோற்றில் பருப்பை ஊற்றி, அவித்த முட்டையொன்றை உடைத்து வைத்தாள். முன்னறையில் பாட்டு கம்மலின் பின்னால் கோணல்மாணலாகப் போய்க்கொண்டிருந்தது. வாளி வருகிற இடத்தில் எல்லாரும் சேர்ந்தே தப்பு செய்தார்கள். பாப்பா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதையும் திருத்தவில்லை. தட்டை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா."